ஹாரிசன் மஞ்சளும் வில்லியம்ஸ் மஞ்சளும் ஒன்றா? பூவின் நடுவைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்

ஒட்டுக்கட்டி எழுதியது:

புதர்ச்செடிகள் பகுதியில் முள்வேலி அவர்கள் எழுதி, பலரும் ஆகா ஓகோ என்று பாராட்டியிருக்கும் வாசகத்தை முதலில் இங்கே தருகிறேன். "ஹாரிசன் மஞ்சள், ஹாக் மஞ்சள், டெக்சஸின் மஞ்சள் ரோஜா, வில்லியம்ஸ் அடுக்கு மஞ்சள் நான்கும் ஒரே செடி. நியூயார்க்கில் பிறந்த செடியை இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் பெயரில் எழுதிக்கொண்டார்கள்."

முதல் மூன்றும் ஒன்று. அதில் எனக்கு வழக்கில்லை. நான்காவதை எதற்காக இழுத்து உள்ளே போட்டீர்கள்? ஜான் வில்லியம்ஸ் இங்கிலாந்தில் வூஸ்டர் நகரை அடுத்த பிட்மாஸ்டனில் இருந்தவர். மேற்காசியாவிலிருந்து வந்த ஒற்றை அடுக்கு மஞ்சள் ரோஜாவின், அதாவது ரோசா ஃபெட்டிடாவின், விதையிலிருந்து 1828 வாக்கில் தம் செடியை எழுப்பினார். ஜார்ஜ் ஃபோலியட் ஹாரிசன் நியூயார்க்கில் வழக்கறிஞர். அவருடைய செடி மன்ஹாட்டனில் அவருடைய தோட்டத்தில் கிடைத்தது. இருவருக்கும் நடுவே அட்லாண்டிக் பெருங்கடல் கிடக்கிறது.

வரலாறெல்லாம் வேண்டாம் என்றால் பூவைக் கையில் எடுத்து நடுவைப் பாருங்கள். ஹாரிசனில் மஞ்சள் மகரந்தத்தாள்கள் நிற்கும். வில்லியம்ஸில் அந்த இடத்தில் பச்சைச் சூலக இலைகள், அதாவது விதை உண்டாகும் பெண் பாகங்கள், திரண்டிருக்கும். இதைப் பார்க்கத் தாவரவியல் பட்டம் தேவையில்லை. மூக்குக்கண்ணாடி போதும்.

முள்வேலி எழுதியது:

வணக்கம் ஐயா. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டுதான் எழுதினேன்.

நான் இருப்பது ஓரிகனில். இங்கே குடியேறியவர்களின் வீடு இடிந்து, கிணறு தூர்ந்து, கல்லறைக் கல் சாய்ந்துபோன இடங்களிலும் இந்த ரோஜா பக்கக்கன்று விட்டுப் பரவி நிற்கிறது. மேற்கே வண்டி கட்டி வந்தவர்கள் வேரோடு பெயர்த்து எடுத்து வந்தது. யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, கவாத்து செய்வதில்லை, வசந்தம் முடியும்போது கிளை தெரியாமல் பூத்துத் தள்ளுகிறது. இப்படிப்பட்ட செடிக்கு உரிமை கொண்டாட யாருக்குத்தான் ஆசை வராது?

இரண்டுக்கும் பெற்றோர் யார் என்று பாருங்கள். ஒரு பக்கம் ரோசா ஃபெட்டிடா, மறுபக்கம் முள் அடர்ந்த ஸ்காட்ச் ரோஜா. பெற்றோர் ஒன்று, பிறந்த பத்தாண்டு ஒன்று, நிறம் ஒன்று, அடுக்கு ஒன்று. பெயர் மட்டும் வேறு. இதற்குமேல் என்ன சான்று வேண்டும்?

ஒட்டுக்கட்டி எழுதியது:

எனக்கும் என் தம்பிக்கும் பெற்றோர் ஒன்று, பிறந்த பத்தாண்டு ஒன்று, நிறம்கூட ஒன்றுதான். அதற்காக அவன் வாங்கிய கடனுக்கு வங்கிக்காரர் என் வீட்டுக் கதவைத் தட்டினால் விட்டுவிடுவேனா?

நீங்கள் இன்னும் நடுவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகரந்தத்தாளா, பச்சைச் சூலக இலையா? பதில் தாருங்கள்.

பதியன் எழுதியது:

இருவருக்கும் வணக்கம். ஒரு சிறு விளக்கம் கிடைத்தால் நன்றாக இருக்கும். "ஒரே செடி" என்று எதைச் சொல்கிறீர்கள்? ஒரே தாய்ச்செடியிலிருந்து பதியமும் பக்கக்கன்றுமாகப் பெருகியதையா, ஒரே பெற்றோருக்குப் பிறந்த தனித்தனி நாற்றுகளையா, அல்லது கடையில் ஒரே பெயரில் விற்பதையா? இந்த மூன்றும் வேறு வேறு. முள்வேலி இரண்டாவதை மனத்தில் வைத்துப் பேசுகிறார், ஒட்டுக்கட்டி ஐயா முதலாவதை. இதை முடிவு செய்துகொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும் என்று தோன்றுகிறது.

முள்வேலி எழுதியது:

ஒட்டுக்கட்டி ஐயா, மகரந்தத்தாள் வாடினால் உதிர்ந்துவிடும். உதிர்ந்தபின் உள்ளே இருக்கிற பச்சை தெரியத்தான் செய்யும். காலையில் பறித்த பூவில் ஒன்றும் மாலையில் பறித்த பூவில் வேறொன்றுமாகத் தெரிவதை வைத்து இரண்டு செடி என்று சாதிக்கலாமா?

ஒட்டுக்கட்டி எழுதியது:

காலையாம், மாலையாம்! என் வீட்டில் இரண்டு செடியும் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் நிற்கின்றன. சென்ற ஜூன் மாதம் இரண்டிலிருந்தும் அன்று விரிந்த பூவாகப் பறித்து, காய் நறுக்கும் பலகையில் வைத்து, சவர பிளேடால் நட்டநடுவில் பிளந்து பார்த்தேன். ஹாரிசனில் இதழ் அடுக்குக்கு உள்ளே மகரந்தத்தாள்கள் வட்டமாக, நுனியில் தூள் ஒட்டிக்கொண்டு, பிளேடில் மஞ்சளாக அப்பிக்கொண்டன. வில்லியம்ஸில் பிளேடு சுத்தமாக வந்தது. நடுவில் இளம்பச்சையாக, சின்னச் சின்னதாக, நெருக்கியடித்துக்கொண்டு சூலக இலைகள். விரலால் தொட்டால் கொஞ்சம் விறைப்பாக இருந்தன. இது வாடிய பூ அல்ல. மொட்டிலிருந்தே அப்படித்தான்.

பதியன் தம்பி, சண்டையைத் தீர்க்கும் ஆவல் நல்லதுதான். ஆனால் விளக்கம் கேட்பவர்கள் முதலில் பூவைப் பார்க்கட்டும்.

செம்மண் எழுதியது:

பெரியவர்கள் பேசும் இடத்தில் குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் கோத்தகிரியில் வயதானவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ரோஜாவில் மஞ்சள் நிறமே இயற்கையில் கிடையாது, மஞ்சள் பூக்கும் வேறு செடியில் ரோஜாவை ஒட்டுக் கட்டித்தான் அந்த நிறத்தை வரவழைத்தார்கள் என்பார்கள். அப்படியானால் ஹாரிசன், வில்லியம்ஸ் இரண்டுமே செயற்கைதானே? எதற்கு இவ்வளவு சண்டை?

தாழை எழுதியது:

செம்மண் அண்ணா, உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொன்னது நானூறு ஆண்டுப் பழைய கட்டுக்கதை. லண்டனில் ஜான் ஜெரார்டு 1597-ல் அச்சிட்ட மூலிகை நூலிலேயே இது வருகிறது. ப்ரூம் என்ற புதரின் தண்டில் காட்டு ரோஜாவை ஒட்டியதால்தான் மஞ்சள் நிறம் வந்தது என்று பலர் சொல்வதாகவும், தம் அனுபவத்தில் அப்படி இல்லை என்பதால் தம்மால் நம்ப முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறார். உங்கள் நீலகிரியில் களையாக மண்டியிருக்கும் ஸ்காட்ச் ப்ரூம் அதன் இனம்தான். அதில் ஒரு ரோஜாவை ஒட்டிப் பாருங்கள், பிடித்துக்கொண்டால் சொல்லுங்கள். அவரைக் குடும்பத்துச் செடியில் ரோஜா எங்கே ஒட்டும்?

இயற்கையில் மஞ்சள் ரோஜா இல்லை என்பதும் தவறு. ரோசா ஃபெட்டிடா காகசஸ், பாரசீகம் பக்கத்துச் செடி. செவில் நகரத்து இப்னு அல் அவ்வாம் 12-ம் நூற்றாண்டிலேயே தம் வேளாண் நூலில் மஞ்சள் ரோஜாவைக் குறிப்பிடுகிறார். சீனாவில் தனியாக மஞ்சள் இனங்கள் உண்டு. ஐரோப்பாவுக்குத்தான் அது தாமதமாகத் தெரிந்தது. ஐரோப்பாவுக்குத் தெரியாதது உலகத்திலேயே இல்லை என்று நாமும் சேர்ந்து சொல்ல வேண்டுமா?

இன்னொன்று. ஒட்டுக்கட்டி ஐயா எல்லாவற்றுக்கும் பெயர் திருத்துகிறார். ஆனால் சென்ற வாரம் வேறோர் இழையில் ரோசா ஃபெட்டிடாவை "ஆஸ்திரியாவைத் தாயகமாகக் கொண்ட மஞ்சள் ரோஜா" என்று எழுதியவரும் அவர்தான்.

ஒட்டுக்கட்டி எழுதியது:

தாழை அம்மா, அந்தப் பூவுக்கு ஆஸ்திரிய மஞ்சள், ஆஸ்திரியச் செம்பு என்றுதான் உலகம் முழுவதும் பெயர். பெயரைச் சொன்னேன். பிறப்புச் சான்றிதழ் கொடுக்கவில்லை.

தாழை எழுதியது:

"தாயகமாகக் கொண்ட" என்பது பெயரா? வியன்னாவில் பேரரசரின் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த தாவர அறிஞர் குளூசியஸ் வழியாக அது மேற்கே பரவியதால் ஆஸ்திரியாவின் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆஸ்திரியாவில் அது காட்டில் முளைத்த செடி அல்ல.

இன்னொரு பழைய மஞ்சள் ரோஜாவான கந்தக ரோஜாவையும் அவர்தான் கவனப்படுத்தினார். அந்தக் கதை அழகானது. துருக்கியிலிருந்து வியன்னாவுக்கு வந்த ஒரு காகிதத் தோட்ட மாதிரியில் அடுக்கு மஞ்சள் ரோஜா ஒன்று இருந்ததைப் பார்த்துவிட்டு, நிசச் செடி எங்கே என்று தேடத் தொடங்கினார். காகிதப் பூவைப் பார்த்து உண்மைப் பூவைத் தேடினார் அவர். இங்கே சிலர் உண்மைப் பூவை வைத்துக்கொண்டு காகிதத்தில் சண்டை போடுகிறார்கள்.

முள்வேலி எழுதியது:

கந்தக ரோஜாவை ஐரோப்பிய ஓவியர்கள் தீட்டிய அளவுக்குத் தோட்டக்காரர்களால் பூக்க வைக்க முடிந்ததா என்று கேளுங்கள் தாழை. மழை பட்டால் மொட்டு விரியாமல் பந்தாக அழுகிவிடும். இங்கிலாந்தின் ஈரத்தில் கேட்கவே வேண்டாம். நம் ஹாரிசன் பனியிலும் புழுதியிலும் நின்று பூக்கிறது. எந்தச் செடியைக் கொண்டாட வேண்டும் என்பதும் இதில் இருக்கிறது.

ஒட்டுக்கட்டி எழுதியது:

பேச்சை மாற்றுகிறீர்கள். ஹாரிசன் நல்ல செடி இல்லை என்று யார் சொன்னார்? வில்லியம்ஸ் வேறு செடி என்றேன். நடுவில் பச்சைச் சூலக இலை. மூன்றாவது முறையாக எழுதுகிறேன்.

செம்மண் எழுதியது:

தாழை அவர்களுக்கு. ஒட்டுக் கட்டினால் நிறம் மாறாது என்று நீங்கள் சொல்கிறீர்கள். மலைப்பகுதியில் ஒரு நாற்றுப்பண்ணையில் மஞ்சள் ரோஜா என்று அட்டை கட்டிய செடியை வாங்கினேன். முதல் ஆண்டு மஞ்சளாகத்தான் பூத்தது. அடுத்த ஆண்டு அதே செடியில் கொத்துக் கொத்தாகச் சிறிய இளஞ்சிவப்புப் பூ. மூன்றாம் ஆண்டு மஞ்சளே இல்லை. பண்ணைக்காரரிடம் போய்க் கேட்டால், "மண்ணைப் பொறுத்தது சார்" என்று சொல்லிவிட்டு வேறு வாடிக்கையாளரிடம் திரும்பிக்கொண்டார். ஒட்டில் நிறம் மாறும் என்பதற்கு என் தோட்டமே சாட்சி.

ஒட்டுக்கட்டி எழுதியது:

ஐயோ, செம்மண்! மேலே ஒட்டியிருந்த மஞ்சள் செத்துப்போயிற்று. கீழே வேருக்காக வைத்த காட்டு ரோஜா முளைத்து மேலே வந்துவிட்டது. ஒட்டுக்குக் கீழே புறப்படும் கன்றை அவ்வப்போது மண்ணைத் தோண்டி, பிறந்த இடத்திலேயே பிய்த்து எறிய வேண்டும். கத்தரியால் வெட்டினால் இரண்டாகக் கிளைத்து வரும். நீங்கள் மூன்று ஆண்டு அந்தக் காட்டுச் செடிக்குத்தான் சாணமும் எலும்புத்தூளும் போட்டு வளர்த்திருக்கிறீர்கள். பண்ணைக்காரர் சொன்னது பொய், நீங்கள் நம்பியது அதைவிடப் பெரிய பொய்.

செம்மண் எழுதியது:

எனக்கும் தோட்டம் தெரியும் ஐயா. என் தாத்தா காலத்திலிருந்து மண்ணைக் கிளறுகிறோம். கன்று ஒட்டுக்கு மேலிருந்துதான் வந்தது. இங்கிலாந்தில் உட்கார்ந்துகொண்டு கோத்தகிரி மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவீர்களா?

ஒட்டுக்கட்டி எழுதியது:

சொல்லிவிடுவேன்.

பதியன் எழுதியது:

என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. கூடவே இன்னொன்று: "பழைய ரோஜா" என்று எதைச் சொல்கிறோம்? 1867-ல் லா ஃபிரான்ஸ் என்ற ரோஜா வந்தது. அந்த ஆண்டுக்கு முன்பே இருந்த ரோஜா வகைகளைப் பழைய தோட்ட ரோஜா என்பது அமெரிக்க ரோஜா சங்கத்தின் கணக்கு. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டால்...

முள்வேலி எழுதியது:

தாழை, ஒரு செடிக்கு இங்கிலாந்துக்காரர்கள் பல பெயர் வைத்த கதை வேறு எதுவும் உண்டா? உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

தாழை எழுதியது:

உண்டு. ஆனால் அது உங்கள் கட்சிக்கு உதவுமா என்று எனக்குத் தெரியாது. ராபர்ட் ஃபார்ச்சூன் 1845 வாக்கில் சீனாவின் நிங்போ நகரில் ஓர் அதிகாரியின் தோட்டத்துச் சுவரில் படர்ந்திருந்த ரோஜாவைப் பார்த்தார். மஞ்சளும் பழுப்பும் சிவப்பும் கலந்த அடுக்குப் பூ. அதை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அதுதான் ஃபார்ச்சூன் அடுக்கு மஞ்சள். அங்கே அது சரியாகப் பூக்கவில்லை. பழைய கிளையில் பூக்கும் கொடியை மற்ற ரோஜாக்களைப்போல ஒட்ட நறுக்கினால் எங்கிருந்து பூக்கும்? பல ஆண்டு கழித்து அதே செடி "கிளேசன்வுட் அழகி" என்ற பெயரில் புது ரோஜாவாக விற்பனைக்கு வந்தது. விளம்பரப் படத்தில் பொன்னும் செம்மையும் கோடு கோடாக இழையோடின. வாங்கி நட்டவர்களுக்குக் கோடும் இல்லை, புதுமையும் இல்லை. அதே கொடி கலிபோர்னியா போய்ச் சேர்ந்து "ஓஃபிர் பொன்" என்று மூன்றாவது பெயரும் எடுத்துக்கொண்டது.

முள்வேலி எழுதியது:

பார்த்தீர்களா ஐயா! சீனச் செடியை எடுத்து, பெயர் மாற்றி, கோடு வரைந்து விற்றவர்கள் நியூயார்க் செடியை மட்டும் பத்திரமாக விட்டு வைத்திருப்பார்களா?

ஒட்டுக்கட்டி எழுதியது:

கலிபோர்னியாவில் பெயர் வைத்தவர்கள் யார், இங்கிலாந்துக்காரர்களா? உங்கள் வாதத்தை உங்கள் மேற்குக் கரையே கவிழ்க்கிறது. மேலும் ஃபார்ச்சூனின் பூவையும் கிளேசன்வுட் பூவையும் பிளந்து பார்த்தால் உள்ளே ஒரே மாதிரி இருக்கும். ஆகவே அவை ஒரே செடி. ஹாரிசனையும் வில்லியம்ஸையும் பிளந்தால் வேறு மாதிரி இருக்கும். ஆகவே அவை வேறு செடி. தாழை சொன்னது என் பக்கத்து ஆதாரம்.

தாழை எழுதியது:

நான் யார் பக்கத்துக்கும் ஆதாரம் தரவில்லை. ஒட்டுக்கட்டி ஐயா பூவைப் பிளந்து பார்க்கும் நேர்மையைப் போன ஆண்டுத் தேயிலை ரோஜா இழையிலும் காட்டியிருக்கலாம். 1824-ல் ஜான் டாம்பர் பார்க்ஸ் லண்டன் தோட்டக்கலைச் சங்கத்துக்காகச் சீனாவிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் ரோஜா என்று ஒரு கொடியின் படத்தை அவர் போட்டார். இன்று அந்தப் பெயரில் விற்கப்படுவது பழைய படங்களோடும் வருணனைகளோடும் பொருந்துமா என்று ரோஜா ஆர்வலர்கள் பலருக்கே சந்தேகம் உண்டு என்றேன். அதற்கு எனக்குக் கிடைத்த பதில், "கடைக்காரர் அட்டையில் அப்படித்தான் எழுதியிருக்கிறார்." அன்றைக்கு அட்டை வேதம். இன்றைக்குப் பூவின் நடு வேதம்.

ஒட்டுக்கட்டி எழுதியது:

அந்த இழை மூடப்பட்ட இழை. அதைத் தோண்டுவதில் உங்களுக்கு இருக்கும் சுகம் எனக்குத் தெரியும்.

பார்க்ஸ் அதே பயணத்தில் மஞ்சள் பேங்சியா ரோஜாவையும் கொண்டுவந்தார். முள் இல்லாத கொடி, பொத்தான் அளவு அடுக்குப் பூ. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லையே, ஏன்? பூவைப் பார்த்ததும் தெரிந்துவிடுகிறது. ஹாரிசனும் வில்லியம்ஸும் அப்படித்தான். பார்த்ததும் தெரிந்துவிடும், பார்க்க மனம் இருந்தால்.

மொட்டைமாடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம், நான் புதியவன். சென்னையில் மொட்டைமாடித் தொட்டியில் வைக்க ஒரு மஞ்சள் ரோஜா வேண்டும். ஹாரிசன் நல்லதா, வில்லியம்ஸ் நல்லதா?

முள்வேலி எழுதியது:

நண்பரே, இரண்டும் ஒன்றுதான். எது கிடைத்தாலும் வாங்கலாம்.

ஒட்டுக்கட்டி எழுதியது:

தம்பி, அவர் பேச்சைக் கேட்டுப் பணத்தைத் தொலைக்காதே. இரண்டும் வேறு, இரண்டும் சென்னைக்கு ஆகாது. குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கி எழும் செடிகள் அவை. ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும். உன் மாடி வெயிலில் உறக்கம் எங்கே வரும்? ரோசா ஃபெட்டிடா இரத்தம் உள்ள செடிக்கு ஈரக்காற்றில் கரும்புள்ளி நோயும் வந்து சேரும், இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டும். உனக்கு மஞ்சள் கிடைக்கும், இலையில்.

செம்மண் எழுதியது:

கரும்புள்ளி நோய்க்கு மஞ்சள் நிறத்தைக் குறை சொல்வது அநியாயம். எங்கள் வீட்டில் சிவப்பு ரோஜாவுக்கும்தான் வருகிறது.

ஒட்டுக்கட்டி எழுதியது:

நிறத்தைச் சொல்லவில்லை செம்மண், வம்சத்தைச் சொன்னேன். லியோனில் ஜோசப் பெர்னெ-டூஷெ என்பவர், ஆண்டு முழுவதும் பூக்கும் மஞ்சள் வேண்டும் என்று 1880-களில் பாரசீக மஞ்சளின் மகரந்தத்தை எடுத்துச் சிவப்பு ரோஜாக்களில் தடவிக்கொண்டே இருந்தார். பாரசீக மஞ்சள் என்பது ஃபெட்டிடாவின் அடுக்கு வடிவம். 1830-களின் கடைசியில் சர் ஹென்றி வில்லாக் பாரசீகத்திலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தது. பல ஆண்டு விதையே சரியாகப் பிடிக்கவில்லை. கடைசியில் 1900-ல் சொலேய் தோர் வெளியே வந்தது. இன்று நீங்கள் கடையில் பார்க்கும் பளீர் மஞ்சளும் ஆரஞ்சும் பெரும்பாலும் அந்த வழி வந்தவை. நிறத்தோடு சேர்த்துக் கரும்புள்ளி நோய்க்கு இளகிக் கொடுக்கும் உடம்பும் வந்தது. உங்கள் சிவப்பு ரோஜாவின் பாட்டனார் யார் என்று விசாரித்துப் பாருங்கள்.

தாழை எழுதியது:

வரலாறு சொல்லும்போது மட்டும் ஐயாவுடைய தமிழ் இனிக்கிறது. சண்டை போடும்போது முள் குத்துகிறது.

ஃபெட்டிடாவின் மணம் பற்றி யாரும் பேசவில்லையே? தாவர நூலிலேயே நாற்றமடிப்பது என்று பெயர் வாங்கிய ரோஜா அது. மூட்டைப்பூச்சி என்பார் சிலர், எண்ணெய்ச் சிக்கு என்பார் சிலர். எனக்கு அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை.

முள்வேலி எழுதியது:

ஹாரிசனுக்கு நல்ல மணம்தான். ஈஸ்ட் போட்ட மாவு புளித்த வாசனை கொஞ்சம் வரும், பூ நிறைந்த மாலை வேளையில் அதுவும் சுகமாகத்தான் இருக்கும். நாற்றம் என்று சொல்பவர்கள் மூக்கைத்தான் குறை சொல்ல வேண்டும்.

ஒட்டுக்கட்டி எழுதியது:

கண்ணில் இருந்த கோளாறு மூக்குக்கும் வந்துவிட்டது. மூட்டைப்பூச்சி நாற்றம்தான். வில்லியம்ஸில் இன்னும் தூக்கலாக வரும். இதுவும் ஒரு வேறுபாடு, கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

முள்வேலி எழுதியது:

நேற்றுவரை நடுப்பச்சை ஒன்றுதான் வேறுபாடு. இன்று நாற்றமும் சேர்ந்துகொண்டது. நாளை முள்ளை எண்ணச் சொல்வீர்களோ?

மட்டுறுத்துநர் எழுதியது:

கண், மூக்கு, பாட்டனார் ஆகியவற்றை விட்டுவிட்டுச் செடியைப் பற்றி மட்டும் பேசவும். தேயிலை ரோஜா இழையைப் பற்றிய குறிப்புகள் இனி நீக்கப்படும்.

பதியன் எழுதியது:

மட்டுறுத்துநர் ஐயா, செடியைப் பற்றி மட்டும் பேசவேண்டும் என்றால் முதலில் "ஒரே செடி" என்பதற்கு...

முள்வேலி எழுதியது:

இதோ படம் இணைத்திருக்கிறேன். ஓரிகனில் ஒரு பழைய கல்லறைத் தோட்டத்து வேலியில், போன வசந்தத்தில் நானே எடுத்தது. எல்லோரும் ஹாரிசன் என்று சொல்லும் செடி. பூவின் நடுவில் பச்சை தெரிகிறதா இல்லையா என்று நடுநிலையாளர்கள் சொல்லட்டும்.

ஒட்டுக்கட்டி எழுதியது:

பெரிதாக்கிப் பார்த்தேன். இதழ் நுனி வெளிறி, ஓரம் சுருண்டிருக்கிறது. மகரந்தத்தாள் பழுப்பேறி ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது, பாதி உதிர்ந்துவிட்டது. அந்தப் பழுப்புக்குக் கீழே பச்சையாக எட்டிப் பார்ப்பதைத்தான் நீங்கள் சூலக இலைத் திரள் என்கிறீர்கள். வயதான பூவைப் படமெடுத்து வாலிபப் பூவுக்கு வழக்காடுகிறீர்கள். மகரந்தத்தாள் இருக்கிறது அல்லவா? இருந்தால் ஹாரிசன். முடிந்தது.

தாழை எழுதியது:

முடிந்ததா? எனக்கு அந்தப் படத்தில் இரண்டும் தெரிகிறது.

முள்வேலி எழுதியது:

நன்றி தாழை. இரண்டும் தெரிகிறது என்றால் இரண்டும் ஒன்று என்றுதானே பொருள்!

தாழை எழுதியது:

அப்படி நான் சொல்லவில்லை.

செம்மண் எழுதியது:

எனக்கு அதில் கொஞ்சம் இளஞ்சிவப்பும் தெரிகிறது. மண்தான் காரணம் என்கிறேன், கேட்க ஆளில்லை.

ஒட்டுக்கட்டி எழுதியது:

வரும் ஜூனில் இரண்டு பூவையும் பிளந்து படம் போடுகிறேன். பக்கத்தில் அளவுகோலும் அன்றைய நாளிதழும் வைத்து எடுப்பேன். அதுவரை முள்வேலி அவர்கள் புதர்ச்செடிகள் பகுதியில் எழுதியதைத் திருத்த வேண்டும். குறைந்தபட்சம் வில்லியம்ஸின் பெயரை அடித்துவிட வேண்டும். மற்ற மூன்றும் ஒன்று என்பதில் நமக்குள் பேதம் இல்லை.

முள்வேலி எழுதியது:

திருத்தமாட்டேன். இன்னும் ஒன்று சொல்கிறேன். மன்ஹாட்டனில் நாற்றுப்பண்ணை வைத்திருந்த தாமஸ் ஹாக், ஹாரிசனிடம் செடி வாங்கித்தான் ஹாக் மஞ்சள் என்று விற்றார் என்பதை உங்களைப்போல நானும் இதுவரை கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டிருந்தேன். ஃப்ளஷிங் ஊரில் பிரின்ஸ் பண்ணையும் 1830 வாக்கில் இதே செடியை விற்றது. ஹாக்கின் செடி ஹாரிசனுடைய செடிதான் என்று பூவைப் பிளந்து பார்த்தவர் யார்? ஆகவே ஹாக்கும் ஹாரிசனும் ஒன்று என்று நீங்கள் ஒப்புக்கொண்டதை நான் இப்போது மறுக்கிறேன். அதற்குத் தனி இழை தொடங்கியாயிற்று. அங்கே வாருங்கள்.